யானைத் துவக்கும் அதன் ரவையும்: கம்பனி கைவிட்ட கலிபர் எப்படித் திரும்பி வந்தது?

'கலிபர்' என்ற சொல்லை யாழ்ப்பாணத்தில் யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. போருக்குள் வளர்ந்த என் வயதுக்காரருக்கு 'ஐம்பது கலிபர்' என்பது முதலில் ஒரு சத்தம். எல்.எம்.ஜி. எது, ஐம்பது கலிபர் எது என்று காதாலேயே பிரித்தறிந்தோம். வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி வைத்து விளையாடினோம். அந்த 'ஐம்பது' எதன் அளவு என்று மட்டும் அநேகமாக யாரும் கேட்டதில்லை. குழலின் உள்விட்டம் அங்குலத்தின் நூறில் ஐம்பது பங்கு, அதாவது அரை அங்குலம். அவ்வளவுதான்.

ஆனையிறவின் பழைய கதையைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது வேறொரு வரிசைக் கலிபர்கள் எதிர்ப்பட்டன: .450, .465, .470, .577. இவை இராணுவ அளவுகள் அல்ல. யானை, காட்டெருமை, புலி போன்ற பெரிய விலங்குகளைச் சுடுவதற்கென்று பிரித்தானியத் துவக்குக் கம்பனிகள் செய்த றைபிள்களின் அளவுகள். இவற்றிற் பலவற்றுக்கு 1970 அளவில் ரவை செய்வார் இல்லாமற் போனார்கள். விலைமதிப்புள்ள துவக்குகள் அலுமாரிக்குள் வெறும் இரும்பாகக் கிடந்தன. பிறகு ஒவ்வொன்றாக ரவை திரும்பி வந்தது. ஏன் நின்றது, எப்படி வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேட்டையில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் ஒரு பொருள் அதைச் செய்தவரின் தயவில் எவ்வளவு தூரம் தங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

கம்பனியின் தயவே தேவைப்படாத காலத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆனையிறவு என்ற பெயருக்குக் காரணம் தெரிந்ததே. வன்னிக் காடுகளிற் பிடித்த யானைகளை ஆழமற்ற கடல்நீரேரி வழியாகக் குடாநாட்டுக்குள் இறக்கிக் கொண்டுவந்து, தென்னிந்தியாவுக்கும் வங்காளத்துக்கும் கப்பலேற்றினார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் யானை ஒரு வருமானம். ஆங்கிலேயர் காலத்தில் அது விவசாயத்துக்குத் தொல்லை என்று ஆகிவிட, சுட்டவர்களுக்கு அரசே வெகுமதி கொடுத்தது. வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் 3,500 யானைகளுக்கு வெகுமதி வழங்கப்பட்டதாக, குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியான தன் நூலில் எழுதியிருக்கிறார். அந்த எண்ணைக் கண்டபோது அச்சுப்பிழையோ என்று இன்னொருமுறை பார்த்தேன்.

அந்த யானைகள் வாய்வழியாக மருந்து இடித்துச் சுடும் துவக்குகளால் கொல்லப்பட்டவை. நுவரெலியாவில் குடியேறியிருந்த சாமுவேல் பேக்கரிடம் பிரிஸ்டல் நகரின் கிப்ஸ் செய்த ஒரு றைபிள் இருந்தது. எடை 21 இறாத்தல். ஒரு வெடிக்கு ஓர் அவுன்ஸ் கருமருந்தும் மூன்று அவுன்ஸ் ஈயக் குண்டும் இடுவார். இன்றைய இராணுவச் சன்னத்தைவிடப் பல மடங்கு பாரம். ஆனால் மருந்தும் ஈயமும் ஓர் அச்சும் இருந்தால் பேக்கருக்கு யார் தயவும் வேண்டாம். செய்த கம்பனி மூடப்பட்டாலும் துவக்கு பேசும்.

உலோகக் கோதுள்ள ரவை வந்ததும் இந்தச் சுதந்திரம் போயிற்று. கோது, அதன் அடியில் பற்றவைப்பான், உள்ளே மருந்து, முன்னாற் சன்னம் என்று நான்கும் சேர்ந்ததே ரவை. அந்தத் துவக்கின் அறைக்கு மயிரிழை பிசகாமல் அது பொருந்த வேண்டும். வீட்டில் ஈயம் உருக்கலாம், கோது செய்ய முடியாது.

1898இல் ஜோன் ரிக்பி கம்பனி .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் ரவையைக் கொண்டுவந்தது. கருமருந்துக்குப் பதிலாகக் கோர்டைட் என்ற புகை குறைந்த மருந்து. 31 கிராம் எடையுள்ள சன்னம் வினாடிக்கு ஏறத்தாழ 650 மீற்றர் வேகத்திற் புறப்பட்டது. பேக்கரின் பாரமான துவக்கு செய்த வேலையை இப்போது பத்துப் பதினொரு இறாத்தல் இரட்டைக்குழல் றைபிள் செய்தது. இந்தியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் போன அதிகாரிகள், சமஸ்தானத்து அரசர்கள் எல்லோரும் இதை வாங்கினார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லிவிட வேண்டும். இதே நீளமும் வடிவமும் கொண்ட கோதிற் கருமருந்து அடைத்த .450 ரவையும் அதற்கு முன்பிருந்தே புழக்கத்தில் இருந்தது. பழைய கருமருந்துத் துவக்கினுள் புதிய நைட்ரோ ரவை தடையின்றி நுழையும். சுட்டால் குழல் வெடிக்கலாம். எனவே பழைய .450 துவக்கொன்றின் மேல் பொறித்த எண்ணை மட்டும் நம்புவது ஆபத்து. குழலின் அடியில் இலண்டன் அல்லது பேர்மிங்ஹாம் சோதனைச்சாலை பொறித்த முத்திரைதான் அது எந்த மருந்துக்கு உரியது என்பதைச் சொல்லும்.

.450க்கு முதல் அடி சந்தையிலிருந்து வரவில்லை, அரசிடமிருந்து வந்தது. பிரித்தானியப் படைகள் 1871 முதல் பயன்படுத்திய மார்ட்டினி ஹென்றி றைபிளின் குழல் விட்டமும் .450. அந்தத் துவக்குகள் இந்தியாவின் வடமேற்கு எல்லைப் பழங்குடிகளின் கைகளில் ஏராளமாக இருந்தன. வேட்டைக்கென இறக்குமதியாகும் ரவைகளும் சன்னங்களும் அவர்களிடம் போய்ச் சேருமோ என்ற பயத்தில், 1907இல் இந்தியாவிலும் சூடானிலும் .450 வேட்டை றைபிள்களும் ரவைகளும் தடைசெய்யப்பட்டன. உண்மையில் மார்ட்டினி ஹென்றியின் ரவை இதுவல்ல. அது அகன்று குறுகிய வேறொரு கோது. ஆனாலும் ஆட்சியாளரின் சந்தேகம் கோதின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. பற்றரியும் சவர்க்காரமும் தடைசெய்யப்பட்ட பொருட்களாக இருந்த காலத்தைக் கண்ட ஊர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

துவக்குக் கம்பனிகள் தடையைச் சட்டப்படியே சுற்றிப் போயின. ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் .465ஐக் கொண்டுவந்தது. வெஸ்ட்லி றிச்சர்ட்ஸ் .476ஐ. ஜோசப் லாங் .470ஐ. சன்னத்தின் பாரத்திலும் வேகத்திலும் இவற்றுக்கிடையே பெரிய வித்தியாசம் எதுவுமில்லை. அங்குலத்தின் நூறில் ஓரிரு பங்கு கூடினால் சட்டம் பொருந்தாது, அவ்வளவுதான் நோக்கம். பிற்காலத்துக்கு முக்கியமாக அமைந்தது வேறொன்று. ஹொலண்ட் தன் .465ஐத் தன் பெயரோடேயே வைத்திருந்தது. லாங்கின் .470 மற்றக் கம்பனிகளுக்கும் திறந்திருந்ததால் பலரும் அந்த அளவில் றைபிள் செய்தார்கள்.

துவக்குச் செய்தவர்கள் பலர் என்றாலும் ரவையைப் பெரும்பாலும் செய்தது ஒரே இடம்: பேர்மிங்ஹாமின் விட்டன் பகுதியிலிருந்த கைனொக் தொழிற்சாலை. 1926 முதல் அது ஐ.சி.ஐ. என்ற இரசாயனப் பெருநிறுவனத்துக்குள் இருந்தது. இந்தியாவும் இலங்கையும் சுதந்திரம் பெற்றன, ஆபிரிக்கக் குடியேற்றங்களும் கைமாறின. பெரிய ரவை வாங்குபவர்கள் குறைந்தார்கள். 1960களில் கைனொக் ஒவ்வோர் அளவாகக் குறைத்து, 1970 அளவில் இந்தப் பெரிய வேட்டை ரவைகளை முற்றாக நிறுத்தியது. ஐ.சி.ஐ.யின் கணக்கில் அது ஒரு சிறிய வரி. ஆனால் எத்தனையோ கம்பனிகளின் துவக்குகள் ஒரே நேரத்தில் ஊமையாயின.

வேறு கம்பனியின் ரவையைப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். இரட்டைக்குழல் றைபிளில் அது அவ்வளவு இலேசில்லை. இரண்டு குழல்களும் நேர்ச் சமாந்தரமாகப் பொருத்தப்பட்டவை அல்ல. சுடும்போது துவக்கு உதைத்து, வலக்குழல் வலப்பக்கமும் இடக்குழல் இடப்பக்கமும் விலகும். அந்த விலகலைக் கணக்கிட்டு, முன்பக்கம் சற்று ஒன்றையொன்று நோக்கும்படி குழல்களைக் கம்மியர் ஒட்டியிருப்பார். அதற்காக அவர் சுட்டுச் சுட்டுப் பார்த்தது ஒரு குறிப்பிட்ட சன்ன எடைக்கும் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கும். வேறு மருந்து, வேறு வேகம் என்றால் இரண்டு சன்னங்களும் ஒரே இடத்திற் படாது. வெப்ப நாடுகளில் கோர்டைட்டின் அழுத்தம் ஏறும் என்பதால் மருந்தைச் சிறிது குறைத்த ரவைகளையும் கைனொக் விற்றது. அதற்கென்றே ஒட்டிய குழல்களும் உண்டு. ஆக, 'ஆதரவு' என்பது அளவு சரியான பித்தளைக் கோது மட்டுமல்ல, பழைய வேகமும் சேர்ந்ததுதான்.

வெற்றுக் கோதை மறுபடி நிரப்பவும் வழி குறைவாக இருந்தது. கைனொக் கோதுகளின் பற்றவைப்பான் பேர்டன் வகை. சுட்ட பிறகு அதைக் கழற்றுவது சிரமம், மாற்றுப் பற்றவைப்பானும் எளிதிற் கிடைக்காது. மிஞ்சியிருந்த பழைய ரவைகளின் பித்தளை வயதோடு நொறுங்கத் தொடங்கியது.

இடைவெளியை அமெரிக்கா நிரப்பியது. வின்செஸ்டர் 1956இலேயே .458 மக்னம் என்ற ரவையைச் சாதாரண விலை றைபிளோடு சந்தைக்கு விட்டிருந்தது. ஆனால் அதே வின்செஸ்டர் தன் பிள்ளையொன்றைக் கைவிட்டதும் உண்டு. 1904இல் வந்த .405 ரவையையும் அதற்கான 1895 மாதிரி றைபிளையும் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆபிரிக்காவுக்குக் கொண்டுபோனார். தமிழ் வாசகருக்கு அது வேறொருவரின் துவக்கு. பெங்களூரில் வாழ்ந்து, சேலம், தர்மபுரி, நீலகிரிக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடிய கென்னத் அண்டர்சனின் கையிலிருந்தது அதே .405தான். 1930களில் றைபிள் உற்பத்தி நின்றது, 1950களின் நடுப்பகுதியில் ரவையும் நின்றது. அண்டர்சன் 1974இல் காலமானார். 2000களின் தொடக்கத்தில் வின்செஸ்டர் பெயரில் அந்த றைபிள் மறுபடி வந்தபோது அதைச் செய்தது ஜப்பானின் மிரோக்கு. ரவையை அமெரிக்காவின் ஹோர்னடி செய்தது. பழைய துவக்கு வைத்திருந்தவர்களுக்கு அது எதிர்பாராத அதிர்ஷ்டம்.

பிரித்தானிய அளவுகளுக்கு முதலில் உதவியதும் பெரிய கம்பனி அல்ல. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெல் என்ற சிறு நிறுவனம் வெறும் கோதுகளை மட்டும் செய்து விற்றது. வாங்குபவர் தானே நிரப்பிக்கொள்ள வேண்டும். ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிறகே பெரியவர்கள் வந்தார்கள். 1989இல் ஃபெடரல் நிறுவனம் .470 ரவையை முழுமையாகவே தயாரித்தது. ஏன் .470? பல கம்பனிகள் அந்த அளவிற் செய்திருந்ததால் பிழைத்திருந்த துவக்குகளும் அதிகம், வாங்குபவர்களும் அதிகம். தனக்கென்று பூட்டி வைத்த அளவுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1911இன் .416 ரிக்பிக்கும், ஜிம் கோர்பெட் இரட்டைக்குழலில் வைத்திருந்த .450/400க்கும், அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் புதிய றைபிள்களைச் செய்தபோதுதான் நல்ல காலம் பிறந்தது.

இங்கிலாந்திலேயே 1990களில் சஃபோக்கைச் சேர்ந்த கைனம்கோ என்ற சிறு நிறுவனம் கைனொக் பெயரை உரிமம் பெற்று எடுத்து, பழைய எடைக்கும் வேகத்துக்கும் ஒத்த ரவைகளைச் செய்யத் தொடங்கியது. உள்ளே இருப்பது கோர்டைட் அல்ல, இன்றைய மருந்து. ஆனாலும் குழல்கள் ஒட்டப்பட்ட கணக்குக்குப் பொருந்துகிறது. 1907இல் தடையுண்ட .450உம் இப்போது அதன் பட்டியலில் இருக்கிறது. ரிக்பி, ஹொலண்ட் போன்ற கம்பனிகள் தொடர் இலக்கத்தைக் கொடுத்தால் அந்தத் துவக்கு யாருக்காக, எந்த ரவைக்குச் செய்யப்பட்டது என்று பழைய பேரேட்டைப் பார்த்துச் சொல்கின்றன. நூறு வருடத்துக்கு முந்திய வாடிக்கையாளரின் கணக்கை இன்னும் வைத்திருப்பது, என் பார்வையில், ரவையைவிடப் பெரிய ஆதரவு.

இதெல்லாம் நம் பக்கம் என்ன ஆயிற்று? இலங்கையில் சட்டம் காலத்தோடு இறுகியது. துவக்கு வைத்திருப்பதை 1916இன் சுடுகலன் கட்டளைச் சட்டமும், காட்டு விலங்குகளைச் சுடுவதை 1937இன் விலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் கட்டுப்படுத்துகின்றன. வடக்கில் வீடுகளிலிருந்த அனுமதிப்பத்திரத் துவக்குகளை 1980களில் இயக்கங்கள் கொண்டுபோயின. இன்று யானை வேட்டை றைபிளுக்கு இங்கே இடமில்லை, இருக்கவும் கூடாது.

ஆனால் வன்னியில் யானைக்கும் வயலுக்கும் உள்ள பகை தீரவில்லை. அங்கே பேசுவது பேக்கர் காலத்து முறையின் ஏழைப் பிள்ளையான இடியன் துவக்கு. அதற்குக் கம்பனி இல்லை, கலிபர் இல்லை, யாரும் உற்பத்தியை நிறுத்தி அதை ஊமையாக்கவும் முடியாது. யானையை வீழ்த்தும் வலு அதற்கு இல்லை. காயம் மட்டும் செய்யும். காயம் சீழ்பிடித்து, யானை நடந்து நடந்து கிழமைக்கணக்கிற் சாகும். பன்றிக்கு வைக்கும் வாய்வெடியை, சிங்களத்தில் 'ஹக்க பட்டாஸ்' என்பதை, கடித்துவிட்டுத் தீன் தின்ன முடியாமல் சாகும் குட்டிகளின் கதை இதைவிடக் கொடுமை. 2023இல் இலங்கையில் 400க்கும் மேற்பட்ட காட்டு யானைகள் இறந்தன. துப்பாக்கிக் காயம், வாய்வெடி, மின்சாரம், ரயில் என்று காரணங்கள் நீள்கின்றன. அதே பகையில் மனிதர்களும் ஆண்டுக்கு நூற்றுக்கு மேல் சாகிறார்கள்.

வெளிநாட்டுக் கம்பனியின் ரவையை நம்பியிருந்த துவக்குகளைச் சட்டத்தாலும் சந்தையாலும் நிறுத்த முடிந்தது. இடியனைத் தேடிப் பறிமுதல் செய்தாலும், விளைந்த நெல்லை இரவில் இழக்கும் விவசாயிக்கு மின்வேலியும் நேரத்துக்கு நட்டஈடும் கிடைக்காதவரை, அடுத்த போகத்துக்கு இன்னொன்று உருவாகிவிடுகிறது.