ஆறுகளில் கரைந்த உலோகங்களுக்கான நீர்த்தர வரம்பு

ஆற்றுநீரில் செம்பு, துத்தநாகம், ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் எவ்வளவு வரை இருக்கலாம் என்று அரசு வகுக்கும் அளவே நீர்த்தர வரம்பு. குடிநீருக்கு ஒரு வரம்பு. மீன் முதலான நீர்வாழ் உயிர்களுக்கு வேறொன்று. அமெரிக்காவில் குடிநீர்ச் செம்பு லிட்டருக்கு 1,300 மைக்ரோகிராமைத் தாண்டினால்தான் நடவடிக்கை. ஆற்று உயிர்களுக்கோ, கால்சியம், மக்னீசியத்தால் வரும் கடினத்தன்மை லிட்டருக்கு 100 மில்லிகிராம் உள்ள நீரில், குறுகிய கால வரம்பு ஏறத்தாழ 13 மைக்ரோகிராம். நாம் குடிக்கத் தகும் நீரில் மீன் மடியக்கூடும். செம்பு அயனிகள் செவுளில் ஒட்டிக்கொண்டு, மீன் சோடியத்தை உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன.

சேற்றோடு பிணைந்து வரும் உலோகம் அந்த அளவுக்குச் செவுளைத் தாக்குவதில்லை. அதனால்தான் 1993-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, மொத்த உலோகத்தை விட்டுக் கரைந்த உலோகத்தை அளக்கப் பரிந்துரைத்தது. 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிகட்டியைக் கடப்பதெல்லாம் ‘கரைந்தது’. இது ஆய்வக வசதிக்கான வரையறைதான். மிக நுண்ணிய கூழ்மத் துகள்களும் இதில் நுழைந்துவிடும். மாதிரியில் அமிலம் சேர்க்கும் முன்பே வடிகட்டிவிட வேண்டும். இல்லையேல் துகளில் இருந்த உலோகமும் கரைந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

அந்த முகமையின் முறையில், பல்வேறு உயிரினங்களை ஆய்வகத்தில் சோதித்து, அவற்றின் பேரினங்களில் 95 விழுக்காடு பிழைக்கும்படி வரம்பு கணிக்கப்படுகிறது. ஒரு மணி நேரச் சராசரிக்கு ஓர் அளவு, நான்கு நாள் சராசரிக்கு இன்னோர் அளவு. இவற்றை மூன்று ஆண்டில் ஒருமுறைக்கு மேல் மீறக்கூடாது.

ஆனால் எல்லா ஆற்றுக்கும் ஒரே எண் பொருந்தாது. நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் செவுளில் இடம்பிடிக்க உலோகத்தோடு போட்டியிடும். ஆகவே கடினத்தன்மை 50 மில்லிகிராமாகக் குறைந்தால் செம்பின் வரம்பும் சுமார் 7 மைக்ரோகிராமாக இறங்கிவிடும். மென்னீர் ஓடும் மலையாறுகளே அதிக ஆபத்தில் இருப்பவை. மக்கிய இலைதழையிலிருந்து வரும் கரிமப் பொருளும் செம்பைப் பிணைத்து நஞ்சைத் தணிக்கும். 2007-இல் அமெரிக்க முகமை செம்புக்குக் கொண்டுவந்த ‘உயிரியல் பிணைப்பு மாதிரி’ என்ற கணக்கீட்டு முறை இதையும் கணக்கில் சேர்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் ஈயம், நிக்கல் இரண்டுக்கும் உயிர்கள் உட்கொள்ளத்தக்க பகுதியையே ஆண்டுச் சராசரி வரம்பாக்கியது: முறையே 1.2, 4 மைக்ரோகிராம்.

ஆலைக் கழிவுக்கான உரிமத்தில் மட்டும் இன்றும் அமெரிக்கா பொதுவாக மொத்த உலோகத்தையே எழுதுகிறது. ஆலைக்குழாயில் துகளாக இருப்பது ஆற்றில் கலந்ததும் கரையலாம் என்பதால் அது நியாயமானதே.

இந்தியாவின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆறுகளை ஐந்து பயன்பாட்டு வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. மீன்வளத்துக்கான வகுப்பின் அடிப்படை அளவுகோலில் அமில காரத் தன்மை, ஆக்சிஜன், அம்மோனியா மூன்றே உள்ளன. கரைந்த உலோகம் அதில் இல்லை. விரைந்து நிரப்ப வேண்டிய குறை இது.