மனச்சிதைவும் மூளையின் உள் இணைப்புகளும்

மனச்சிதைவு நோயில் கெடுவது மூளையின் ஒரு பகுதி அல்ல, பகுதிகளுக்கு இடையிலான தொடர்பு என்ற எண்ணம் பழையது. ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அப்படிக் கருதினார். சூரிச்சின் ஆய்கன் பிளாய்லரும் 1911இல் வெளியிட்ட நூலில் எண்ணங்களின் கோவை அறுபடுவதையே நோயின் மையமாக வைத்தார். உயிருள்ள மூளைக்குள் பார்க்க அன்று வழியில்லை. கருத்து அப்படியே கிடந்தது.

நோய் குடும்பங்களில் தொடர்வது பற்றிய ஆய்வு தனிப் பாதையில் போயிற்று. அதன் தொடக்கத்தில் கறை உண்டு: 1916இல் முதல் பெரிய குடும்ப ஆய்வை வெளியிட்ட எர்ன்ஸ்ட் ரூடின், பின்னாளில் நாஜிகளின் கட்டாயக் கருத்தடைச் சட்டத்துக்குத் துணைநின்றவர். போருக்குப் பின் பழி தாயின் வளர்ப்பின் மீது விழுந்தது. அமெரிக்காவில் லெனர்ட் ஹெஸ்டன் 1966இல் அதை அசைத்தார். நோயுற்ற தாய்மாரிடமிருந்து பிறந்தவுடனே பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரில் 5 பேருக்கு மனச்சிதைவு வந்திருந்தது; ஒப்பீட்டுக்கு எடுத்த 50 பேரில் ஒருவருக்கும் இல்லை.

வெர்னிக்கே காலத்துத் தொடர்பறுதல் கருதுகோளை லண்டனில் கார்ல் ஃபிரிஸ்டனும் கிறிஸ் ஃபிரித்தும் 1995இல் மீட்டெடுத்தார்கள். இரு பாதைகளும் துலக்கமாகச் சந்தித்தது 2009இல். ஆபத்தோடு தொடர்புடைய ஒரு மரபணு வேறுபாட்டைச் சுமக்கும், நோயே இல்லாதவர்களின் மூளைகளை ஜெர்மனியின் மன்ஹைம் குழு ஸ்கேன் செய்தது. தனித்தனிப் பகுதிகள் இயல்பாகவே இயங்கின. மாறியிருந்தது அவற்றின் இணைப்பு. நெற்றிப்புறணிக்கும் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸுக்கும் இடையே பிணைப்பு மிகையாக இருந்தது. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் எலிகளிடம் வேறு விதமான குலைவு தெரிந்தது. 22ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாமல் பிறக்கும் மனிதர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் கடும் மனநோய் வருகிறது. அதே குறையோடு உருவாக்கிய எலிகள் நினைவுப் பணியில் ஈடுபட்டபோது, இவ்விரு பகுதிகளின் ஒத்திசைவு தளர்ந்திருந்தது. ஓரிடத்தில் இறுக்கம், ஓரிடத்தில் தளர்வு. 'தொடர்பறுதல்' என்று ஒற்றையாகச் சொல்வது அளவுக்கு மீறிய எளிமை.

மரபணுப் பட்டியலோ நீண்டுகொண்டே போனது: 2014இல் 108 இடங்கள், 2022இல் 287. பெரும்பாலானவற்றின் தனிப் பங்கு மிகச் சிறியது. 2016இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் நோயெதிர்ப்பைச் சேர்ந்த சி4 மரபணுவை, வளரிளம்பருவத்தில் நரம்பிணைப்புகள் கழிக்கப்படும் செயலோடு பொருத்தினர். நோய் பெரும்பாலும் அப்பருவத்தையொட்டியே தலைகாட்டுவதற்கு இதுவரை கிடைத்த நம்பத்தக்க விளக்கங்களுள் இதுவும் ஒன்று. இத்தரவுகளில் மிகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. இந்தியர்களிடம் நடந்த பெரிய மரபணுத்தொகுதி ஆய்வு 2019இல்தான் வெளியாயிற்று. அது 8ஆம் குரோமோசோமில் ஓர் இடத்தைக் காட்டியது.