இசக்கியும் இரும்புப் பன்றியும்

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில் உட்காருகிறவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்ள வேண்டும். வாள்வீரன், மந்திரவாதி, திருடன் என்று வரிசை நீளும். எனக்குப் பிடித்தது ஆர்டிஃபைசர். கையால் பொறி செய்து, அந்தப் பொறியையும் கூட்டிக்கொண்டு சண்டைக்குப் போகிற ஆள். அந்த வகையில் ஒரு பாத்திரம் செய்து அதற்குத் தென்காசிச் சீமையிலே ஊர் கொடுத்தேன். வடகரைக்காரி, கொல்லர் வீட்டுப் பெண், பெயர் இசக்கி.

ஆட்டம் அமெரிக்காவில் 1974-இல் வந்தது. ஆர்டிஃபைசர் 1996-இல் மந்திரவாதியின் ஒரு கிளையாகத் தலைகாட்டி, 2004-இல் ‘எபெரான்’ என்ற கற்பனை உலகத்தோடு தனி வகுப்பானது. ஆட்டத்தை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் புது உலகம் கேட்டு 2002-இல் போட்டி வைத்தது. வந்து குவிந்த சுமார் 11,000 யோசனைகளில் தேறியது கீத் பேக்கர் எழுதிய எபெரான். பெரும்போர் ஒன்று அப்போதுதான் ஓய்ந்திருக்கும் உலகம் அது. போருக்கென்றே செய்யப்பட்ட உலோக மனிதர்கள் போர் முடிந்தபின் வேலையில்லாமல் தெருவில் அலைவார்கள்.

இசக்கிக்கு நான் எடுத்துக்கொண்டது 2019-இல் வந்த விதி. மூன்றாம் லெவலில் ‘பேட்டில் ஸ்மித்’ ஆகலாம். ‘ஸ்டீல் டிஃபென்டர்’ என்று ஓர் இரும்புத் துணை கிடைக்கும். அறிவுக்கான கூடுதல் 3 என்றால் அதற்கு 20 உயிர்ப்புள்ளி. நாம் ஏவாதவரை அது தாக்காது, ஒதுங்கித் தப்பிக்க மட்டும் பார்க்கும். பக்கத்தில் நிற்கிறவர்மேல் விழவரும் அடியைத் தடுமாறச் செய்யும். அழிந்துபோனாலும் ஒரு மணி நேரத்துக்குள் கொல்லர் கருவியோடு போய், கொஞ்சம் மந்திரமும் செலவழித்தால் மறுபடி எழுந்துவிடும். இரண்டு காலா, நாலு காலா, என்ன உருவம் என்பதெல்லாம் நம் இஷ்டம்.

தமிழ் வாசகனுக்கு உடனே நாய்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோவை யார் மறப்பார்கள்? ஆனால் ஜீனோ படிக்கும், பேசும், கூட இருக்கிற மனிதர்களைவிட நன்றாக யோசிக்கும். அப்படி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் செய்தவளுக்கு மேசையில் வேலை இருக்காது. எனக்கு வேண்டியது கொஞ்சம் மந்தமான, சொன்னதை மட்டும் செய்கிற பொறி.

அது சிலப்பதிகாரத்தில் கிடைத்தது. அடைக்கலக் காதையின் கடைசியில் மதுரைக் கோட்டை மதிலில் நிற்கும் பொறிகளை இளங்கோ வரிசையாகச் சொல்கிறார். கல் உமிழும் கவண், எண்ணெய் காயும் கொப்பரை எல்லாம் எந்தக் கோட்டையிலும் இருக்கக்கூடியவைதான். நடுவில் பிராணிகளும் வருகின்றன. கருவிரல் ஊகம், அதாவது கிட்டே வந்தவரைக் கடிக்கும் குரங்குப் பொறி. சென்றெறி சிரல், பறந்துபோய்க் கண்ணைக் கொத்தும் மீன்கொத்திப் பொறி. அடுத்தது பன்றி. மதில்மேல் ஏறிவிட்டவன் உடலைக் கொம்பால் கிழிப்பதற்கு இரும்பில் செய்தது என்கிறது பழைய உரை. இவை நிஜமாகவே மதுரையில் இருந்தனவா என்பது வேறு விவாதம். பாத்திரம் செய்கிறவனுக்கு அது தேவையில்லை.

மூன்றுமே இசக்கியின் ஊர்ப் பக்கத்துப் பிராணிகள் என்பது அப்புறம்தான் உறைத்தது. குற்றாலத்தில் கைப்பையைப் பிடுங்கும் குரங்கைத் தெரியாதவர் இல்லை. குளத்துக்குக் குளம் மீன்கொத்தி உண்டு. மேக்கரை அடவிநயினார் அணை முதல் வடகரை வயல்கள் வரை பன்றியும் யானையும் இறங்கிச் செய்யும் சேதம் விவசாயிகளின் தீராத வழக்கு. மதுரையிலிருந்து இங்கே வர வழியும் இருக்கிறது. மதுரையை இழந்த பாண்டியர்கள் தென்காசியிலிருந்து ஆண்டார்கள். பராக்கிரம பாண்டியன் காசி விசுவநாதர் கோயில் வேலையை 1446-இல் தொடங்கினான். அந்த அரசரோடு வந்த மதில்கொல்லர் குடும்பம் ஒன்று வடகரையில் தங்கிவிட்டது என்று கதை கட்டினேன். தங்கியவர்கள் அரிவாள் அடித்தார்கள். பொறி செய்யும் வித்தை வாய்மொழியாக இசக்கிவரை வந்தது.

சிரலா, பன்றியா என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் அரிவாள் தட்டக் கொடுத்திருந்த பட்டறையில் கேட்டேன்: “அண்ணாச்சி, இரும்புல பன்னி ஒண்ணு செஞ்சு ஓடவிட்டா எது முதல்ல போவும்?” அவர் துருத்தியை நிறுத்தவே இல்லை. “மூட்டுதாம் போவும். கொம்பு தேஞ்சா தட்டிக்கிடலாம்லா. மூட்டுக்கு எண்ண விட்டுக்கிட்டே இருக்கணும்.” அந்த நிமிஷமே பன்றி என்று முடிவாகிவிட்டது. எண்ணெய்க் குடுவை இசக்கியின் இடுப்புக்குப் போனது.

செய்பொருளைச் சீவக சிந்தாமணியிலிருந்து எடுத்தேன். அரசன் சச்சந்தன் தன் மனைவி விசயைக்காகச் செய்யச் சொன்ன மயிற்பொறிக்குத் திருத்தக்கதேவர் சாமான் பட்டியலே தருகிறார்: துணி, பசை, நூல், அரக்கு, மெழுகு. ஏழு நாளில் வேலை முடிகிறது. வலப்பக்கம் திருகினால் ஏறும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். இந்தத் திருகு எனக்கு மிகவும் பிடித்தது. மந்திரச் சொல் எதுவும் வேண்டாம், ஓட்டுகிறவர் பழகினால் போதும். பன்றியின் முதுகிலும் ஒரு திருகு வைத்தேன்.

மிச்சம் இருந்தது குறை. நாங்கள் ஆடும் பதிப்பின் பாத்திரத் தாளில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. மேலே சொன்ன காப்பியங்களோடு பெருங்கதையையும் புரட்டினால் ஒன்று புரிகிறது. மயிற்பொறி ஏன் தேவைப்பட்டது? நாட்டை நம்பி ஒப்படைத்த அமைச்சன் கட்டியங்காரனே கோட்டையை வளைத்ததால். பெருங்கதையின் உதயணன் எப்படிச் சிக்கினான்? பகையரசன் அனுப்பிய பொறியானையை நிஜ யானை என்று நம்பி, யாழும் கையுமாகத் தானே நெருங்கிப் போய். மதுரையின் கதை இன்னும் மோசம். அந்த மதிற்பொறிகளை இளங்கோ சொல்வது எந்தப் படையெடுப்பின்போதும் இல்லை. இடைக்குல மாதரி கண்ணகியைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகும் வழியில். குரங்கும் சிரலும் பன்றியும் அசையாமல் நிற்க, ஊரை எரிக்கப்போகிறவள் வாசல் வழியாக நடந்து போகிறாள்.

இசக்கியின் குறைக் கட்டத்தில் எழுதினேன்: பன்றிக்கு மதில் ஏறுகிறவன் மட்டுமே பகை, வாசலில் வருகிறவர் யாரானாலும் விட்டுவிடும், இசக்கியும் அப்படித்தான். கூட ஆடுகிறவர்கள் முணுமுணுத்தார்கள். இவ்வளவு பெரிய ஓட்டையை நீயே போட்டுக்கொள்வாயா என்றார்கள். ஆட்டம் நடத்துகிறவர் மட்டும் தாளை இரண்டு தடவை படித்துவிட்டுச் சிரித்தார். முதல் ஆட்டத்திலேயே எங்கள் கோட்டைக்கு ஓர் எண்ணெய் வியாபாரி வந்து சேர்ந்தான், வாசல் வழியாக, மூட்டுக்குப் போட நல்ல எண்ணெய் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு.