மலையைத் தவணையில் ஏறுவது எப்படி?

ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் வந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் திருப்பாலைக்குடி. பாக் நீரிணை ஓரத்து மீனவ ஊர். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் சீமைக் கருவேலம். நாலு திசையிலும் எட்டிப் பார்த்தாலும் மலை என்று ஒன்று கண்ணில் படாது. தரை அப்படியே தோசைக்கல் மாதிரி தட்டை.

இந்த மாதிரி ஊர்களுக்கென்றே பிறந்தது நம் கறுப்பு சைக்கிள். டி.வி.எஸ். ஃபிஃப்டி வந்து இடத்தைப் பிடிப்பதற்கு முன்னால், கேரியரில் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு உள்நாட்டுக் கிராமங்களுக்குப் போன வியாபாரிகளின் வாகனம் அதுதான். ஏற்றம் கிடையாது, இறக்கம் கிடையாது. மார்கழி வாடைக்காற்றை எதிர்த்து வடக்கே மிதிப்பதுதான் அந்தக் கரையில் ஒரே மலை! அதற்கும் ஒரு வழி உண்டு. இறங்கித் தள்ளலாம்.

ஆகவே, கியர் என்ற ஒன்றைப் பற்றி சமவெளிக்காரர்களாகிய நாம் யோசித்ததே இல்லை. வசதியான வீட்டுப் பையன் வைத்திருக்கிற பந்தா சமாசாரம், அவ்வளவுதான். மலை சைக்கிள் பந்தயத்தின் சரித்திரத்தைத் தோண்டிப் பார்த்தால்தான் தெரிகிறது, அந்தப் பல் சக்கரத்துக்காக உலகத்தில் எப்பேர்ப்பட்ட சண்டைகள் நடந்திருக்கின்றன என்று. நம் ஊர்க் கணக்கு ஒன்று அதில் இன்னும் தீராமலே கிடக்கிறது என்பதும் தெரிகிறது.

முதலில் கணக்கு. பி.காம். படித்தவனுக்கு வேறென்ன தெரியும்?

நம் சாதாரண சைக்கிளில் பெடலோடு சேர்ந்த முன் சக்கரத்துக்குப் பெரும்பாலும் 44 பற்கள். பின்னால் 18. பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்தால் வண்டி சுமார் ஐந்தரை மீட்டர் ஓடும். தட்டைத் தரையில் ராஜபோகம்! இதே சைக்கிளை மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையில் கொண்டுபோய் நிறுத்துங்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள். நூறு மீட்டர் போனால் பத்து மீட்டர் உயரும் ஒரு சரிவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்று மிதிக்க, உங்களையும் சைக்கிளையும் சேர்த்து 55 சென்டிமீட்டர் மேலே தூக்க வேண்டும். மேஜை மேல் ஏறுகிற மாதிரி. ஒரு தடவை ஏறலாம், பத்து தடவை ஏறலாம். ஆயிரம் தடவை?

இப்போது முன்னால் 22, பின்னால் 32 பற்கள் உள்ள மலை சைக்கிளுக்கு வாருங்கள். ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர்கூட நகராது. ஆனால், தூக்க வேண்டிய உயரமும் 14 சென்டிமீட்டர்தான். வீட்டு மாடிப்படி உயரம்கூட இல்லை. காலுக்கு வரும் பாரம் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு.

மொத்த உழைப்பு குறைந்துவிட்டதா என்றால், இல்லை. மலையின் உயரம் அதேதான். ஒரே தடவையில் கட்ட வேண்டிய பணத்தைச் சின்னச் சின்னத் தவணையாகப் பிரித்துக் கட்டுகிறோம். கியர் என்பது இ.எம்.ஐ. மலைதான் கடன். வட்டி மட்டும் பணமாக இல்லாமல் நேரமாகப் போகும்.

இவ்வளவு எளிமையான விஷயத்தை உலகம் உடனே ஒப்புக்கொண்டிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை.

பிரான்ஸில் செயின்ட் எத்தியேன் என்று ஒரு தொழில் நகரம். அங்கே பால் தெ விவீ என்று ஒருவர் இருந்தார். பட்டு வியாபாரி. பிறகு சைக்கிள் பைத்தியம் பிடித்து, 'வெலோசியோ' என்ற புனைபெயரில் சைக்கிள் பத்திரிகையே நடத்தியவர். ஒருநாள் மலைப்பாதையில் அவர் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருந்தபோது, வாயில் சுருட்டுக் குழாயோடு ஓர் இளைஞன் அவரைச் சாவகாசமாக முந்திப் போனான் என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, மனிதர் அதன் பிறகு வாழ்நாள் முழுக்க ஒரே பாட்டைத்தான் பாடினார். மலைக்குப் போகிற சைக்கிளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கியர் வேண்டும்!

1902-ல் பிரெஞ்சு சுற்றுலா சங்கம் ஒரு பரீட்சை வைத்தது. மலைப்பாதையில் சுமார் 240 கிலோமீட்டர். ஒற்றை கியர் சைக்கிளில் எதுவார் ஃபிஷர் என்ற சாம்பியன். மூன்று கியர் சைக்கிளில் மார்த் ஹெஸ் என்ற பெண்மணி. ஜெயித்தது யார் என்கிறீர்கள்? மார்த் ஹெஸ்தான்! பாதை முழுக்க அவர் கால் ஒரு தடவைகூடத் தரையில் படவில்லையாம்.

வழக்கு முடிந்தது என்று நினைத்தால், அடுத்த வருடம் 'டூர் தெ பிரான்ஸ்' பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெகிராஞ்ச் குறுக்கே வந்து நின்றார். கியர் மாற்றி ஓட்டுவதெல்லாம் நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு. வீரன் என்றால் சொந்தத் தசையால் ஜெயிக்க வேண்டும். இதுதான் அவர் கட்சி. (நாற்பத்தைந்தை எட்டிப் பிடிக்கப் போகிற என்னைப் போன்றவர்களைப் பற்றி மனிதர் எவ்வளவு மட்டமாக நினைத்திருக்கிறார் பாருங்கள்.)

அவர் கையில்தான் பந்தயம். அவர் வைத்ததுதான் சட்டம். 1910-ல் ஒரே நாளில் 326 கிலோமீட்டர், நடுவில் பிரனீஸ் மலைத்தொடரின் பெரிய கணவாய்கள் என்று பாதை போட்டார்கள். அதில் ஒன்றான தூர்மாலே கடல் மட்டத்திலிருந்து 2,115 மீட்டர். கியர் மாற்றும் வசதி கிடையாது. ஆக்தாவ் லாபீஸ் என்ற வீரர் சில இடங்களில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனார். வழியில் நின்ற பந்தய அதிகாரிகளைப் பார்த்து, 'கொலைகாரர்களே!' என்று கத்தினார். இத்தனைக்கும் அந்த வருடப் பந்தயத்தை ஜெயித்தவரே அவர்தான். ஜெயித்தவர் கதியே இதுவென்றால் தோற்றவர்கள் கதி?

வீரர்கள் ஓர் உபாயம் செய்தார்கள். பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு அளவில் பல் சக்கரம். மலை வந்ததும் இறங்கு, சக்கரத்தைக் கழற்று, திருப்பி மாட்டு, ஏறு. உச்சிக்குப் போனதும் மறுபடி இறங்கு, கழற்று! ஓடும்போதே சங்கிலியை மாற்றிப் போடும் டிரெயிலரை அந்தப் பந்தயத்தில் 1937-ல்தான் அனுமதித்தார்கள். மார்த் ஹெஸ் நிரூபித்துக் காட்டி 35 வருடம் கழித்து. வெலோசியோ 1930-லேயே போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார்.

மலை ஏற முடியாததற்குக் காரணம் மலை இல்லை. கீழே உட்கார்ந்து சட்டம் போட்டவர்தான். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதெல்லாம் தார், ஜல்லி போட்ட பாதைகளின் கதை. பாறையிலும் புழுதியிலும் ஓடுகிற 'மவுன்டன் பைக்' பிறந்தது கலிஃபோர்னியாவில். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே டமால்பயஸ் என்று ஒரு மலை. பேரே டமால்! எழுபதுகளில் அந்த வட்டாரத்து இளைஞர்கள் சிலர், பழைய சாமான் கடைகளில் கிடந்த முப்பது, நாற்பதுகளின் தடி சைக்கிள்களைச் சல்லிசாக வாங்கி வந்தார்கள். பருமனான டயர், கனமான இரும்புச் சட்டம், ஒரே கியர், பின்பக்கம் மிதித்தால் பிரேக். நம் மீன்காரர் சைக்கிளுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1976 அக்டோபர் 21 அன்று அங்கே ஒரு பந்தயம் நடந்தது. சுமார் மூன்று கிலோமீட்டர் மண் பாதை. அதற்குள் 1,300 அடி இறக்கம். கீழே வந்து சேர்வதற்குள் பிரேக் சூடேறி, உள்ளே இருக்கும் கிரீஸ் எல்லாம் புகைந்து போய்விடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். பாதைக்கே 'ரீபேக்' என்று பேர் வந்தது அப்படித்தான். முதல் பந்தயத்தில் ஜெயித்தவர் ஆலன் பாண்ட்ஸ். காரணம், விழாமல் வந்து சேர்ந்தவர் அவர்தான்!

கீழே இறங்க ஒற்றை கியர் போதும். மேலே ஏற? தள்ளு. இல்லாவிட்டால் லாரியில் ஏற்று. இங்கேதான் அதே பழைய பிரச்னை மறுபடி வந்து நின்றது. நல்லவேளை, தெகிராஞ்ச் மாதிரி தடுக்க அங்கே யாரும் இல்லை. 1974 டிசம்பரில் அந்தப் பக்கம் நடந்த வேறொரு பந்தயத்துக்குக் குப்பர்ட்டினோ ஊர்ப் பையன்கள் சிலர் தங்கள் தடி சைக்கிளில் டிரெயிலர் கியர் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கேரி ஃபிஷர் போன்ற டமால்பயஸ் ஆசாமிகள் அதை வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள். பிறகு தங்கள் வண்டியிலும் மாட்டினார்கள். இறங்க மட்டுமே தெரிந்த சைக்கிள் ஏறவும் கற்றுக்கொண்டது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஜெட் வேகம். 1977-ல் ஜோ பிரீஸ் இதற்கென்றே தனிச் சட்டம் செய்தார். 1979-ல் ஃபிஷரும் சார்லி கெல்லியும் 'மவுன்டன்பைக்ஸ்' என்ற பேரில் கடை போட்டார்கள். 1990-ல் அமெரிக்காவின் டுராங்கோவில் உலக சாம்பியன்ஷிப். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸ். காயலான் கடையில் தொடங்கிய விளையாட்டு, இருபதே வருடத்தில் தங்கப் பதக்கம் வரை போய்விட்டது.

சரி, நம் ஊருக்கு வருவோம். தொண்ணூறுகளில் நம் கடைகளிலும் 'எம்.டி.பி.' என்ற எழுத்தோடு சைக்கிள்கள் வந்தன. நேரான ஹேண்டில்பார், தடித்த டயர், பளபள பெயின்ட். பையன்கள் சொக்கிப் போனார்கள். குனிந்து சங்கிலியைப் பார்த்தால், பல வண்டிகளில் ஒரே ஒரு பல் சக்கரம். மலை என்பது பேரில் மட்டும்!

நிஜமான மலைப் பந்தயங்கள் இங்கே வரக் கொஞ்சம் காலம் ஆனது. 2005-ல் இமாசலப் பிரதேசத்தில் 'எம்.டி.பி. ஹிமாலயா' தொடங்கியது. மூவாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் ஜலோரி கணவாய் போன்ற இடங்களைத் தாண்டிப் போன பல நாள் பந்தயம். 2008-ல் 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்'. கர்நாடகத்திலிருந்து கிளம்பி நீலகிரி ஏறுகிற சைக்கிள் பயணம். மேலே சொன்ன கல்லட்டி ஏற்றம் இதில் பேர் போனது. 2023 அக்டோபரில் ஆசிய மலை சைக்கிள் சாம்பியன்ஷிப்பே திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில், பொன்முடியின் தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்தது. நாகர்கோவிலிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம்.

சந்தோஷம். ஆனால், தேயிலைத் தோட்டத்துக்குள் பந்தயம் ஓடுகிறதே, அதே மலைகளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு சைக்கிள் ஓடுகிறதா?

ஒரு சைக்கிள் என்னவெல்லாம் செய்யும் என்பதை உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்ததே தமிழ்நாடுதான். திருப்பாலைக்குடி தாண்டி, தொண்டி தாண்டி, அதே கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டே இருந்தால் புதுக்கோட்டை மாவட்டம் வந்துவிடும். 1991-ல் அறிவொளி இயக்கம் அங்கே பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் சொல்லிக் கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் பின்னால் நின்றார். லேடீஸ் சைக்கிள் போதவில்லையா? பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்தார்கள். கல் குவாரித் தொழிலாளி, ஆசிரியை, நர்ஸ் என்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டதாக எழுதினார் பத்திரிகையாளர் பி. சாய்நாத். பஸ்ஸுக்கும் கணவனுக்கும் காத்திருக்காமல் வெளியே போய்வர முடிந்ததே, அது சின்ன விஷயமா?

பத்து வருடம் கழித்து, 2001-02-ல், மேல்நிலை வகுப்புப் படிக்கும் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் என்று அரசு அறிவித்தது. சில வருடங்களில் அது அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்குமாக விரிந்தது. எத்தனை பெண்களின் படிப்பு இந்தச் சக்கரத்தால் தப்பியது! அருமையான திட்டம். அதில் சந்தேகமே இல்லை.

ஆனால், அது கியர் இல்லாத சைக்கிள். ராமநாதபுரத்துப் பெண்ணுக்கு அது சிறகு. புதுக்கோட்டைப் பையனுக்கு அது சிறகு. எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலையில், நாற்பது வளைவு தாண்டிப் போகும் வால்பாறையில், அதே சைக்கிள் மேடு வந்தால் தள்ள வேண்டிய பாரம். பள்ளம் வந்தால் பிரேக்கை நம்ப முடியாத ஆபத்து. ஏறும்போது 55 சென்டிமீட்டர் கணக்கு, காலிலே புத்தகப் படிப்பில்லாமலே தெரிந்துவிடும்.

கியர் சைக்கிள் விலை அதிகம், ரிப்பேர் பார்க்க ஆள் வேண்டும் என்பார்கள். நியாயம்தான். ஆனால், மலைக் குளிர் வேறு, மலை மழை வேறு என்று புரிந்துகொண்டு, மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கென்றே ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் பூட்ஸும் கொடுத்தது இதே அரசுதானே? உடம்புக்கு மேலே பொருந்திய நியாயம் காலுக்குக் கீழே பொருந்தாதா? மாநிலம் முழுக்கக் கொடுக்க வேண்டியதில்லை. சில மலை வட்டாரங்களுக்கு மட்டும். அல்லது, ஓட்ட முடியாத அளவு செங்குத்தான இடம் என்றால், பள்ளி நேரத்துக்கு ஒரு வேன். எதுவானாலும் அந்த மலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

தெகிராஞ்ச் மாதிரி நமக்கு யாரும் எதிரி இல்லை. தசையால்தான் ஜெயிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களும் இல்லை. தோசைக்கல் மாதிரித் தட்டையான தரையில் உட்கார்ந்து, மலைக்கும் சேர்த்துத் திட்டம் போடுகிறோம். பிரான்ஸில் இந்தச் சின்ன விஷயம் புரிய 35 வருடம் ஆனது. நாம் சைக்கிள் கொடுக்கத் தொடங்கி இருபது வருடம் தாண்டிவிட்டது.