செயல்வழிக் கற்றல்

செயல்வழிக் கற்றல் என்பது தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தப்பட்ட, அட்டைகளின் துணைகொண்டு குழந்தை தன் வேகத்தில் கற்கும் முறையாகும். ஆந்திரத்தின் ரிஷி வேலி கல்விமுறையைத் தழுவி 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கப்பெற்று, 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுதும் விரிவாக்கப்பட்டது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானதும் அவ்வாண்டிலேயே (நவம்பர் 2007). ஆகவே இரு மாவட்டப் பள்ளிகளும் இம்முறையை ஒருசேரப் பெற்றன.

வகுப்பில் கவனம் நிலைக்காத குழந்தைக்கு இம்முறை பெரிதும் துணைபுரியக்கூடியது. பாடம் சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஏணிப்படி அட்டவணையில் சின்னங்களால் குறிக்கப்படும். குழந்தை தனக்குரிய அட்டையைத் தானே எடுத்துவந்து, பாயில் குழுவாக அமர்ந்து செய்து, கீழ்மட்டக் கரும்பலகையில் எழுதிக்காட்டும். செயல்கள் சிறியன, இடையே எழுந்து நடக்கவும் வாய்ப்புண்டு. எனவே நெடுநேரம் அசையாது அமரும் கட்டாயம் இல்லை. விடுப்பு எடுத்த குழந்தையும் விட்ட படியிலிருந்தே தொடரலாம்.

எனினும் குழுக்களின் பேச்சொலி சிலரது கவனத்தை மேலும் சிதைக்கும். அத்தகையோரை ஆசிரியர் தம் அருகில் அமர்த்துவது நன்று. பார்வைக் குறைபாடு, செவிக் குறைபாடு, உறக்கமின்மை ஆகியனவும் கவனமின்மையாகத் தோன்றுவதுண்டு. கவனக்குறைவு மிகைச்செயற்பாட்டுக் குறைபாடு பள்ளியில் மட்டுமன்றி வீட்டிலும் ஆறு மாதங்களுக்குக் குறையாமல் நீடிப்பது. அதனை மருத்துவரே உறுதிசெய்தல் வேண்டும்.

2022-இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என நிலைக்கேற்ற பயிற்சிகள் அமைக்கப்பட்டன.