6,000 ரூபாய் விமான டிக்கெட்டில் நிறுவனத்துக்கு மிஞ்சுவது எவ்வளவு? 'கிராஸ் மார்ஜின்' கணக்கு இதுதான்!

விமான டிக்கெட் விலை எகிறும்போதெல்லாம், "கம்பெனிக்காரங்க கொள்ளை லாபம் அடிக்கிறாங்க" என்ற பேச்சு கிளம்பும். ஆனால் கிங்ஃபிஷர் 2012-லும், ஜெட் ஏர்வேஸ் 2019-லும், கோ ஃபர்ஸ்ட் 2023-லும் பறப்பதையே நிறுத்திவிட்டன. ஒரே தொழிலில் இந்த இரண்டும் எப்படி?

மொத்த லாபம்னா என்ன?

ஒரு டீ 15 ரூபாய். பால், தூள், சர்க்கரை, கேஸ் செலவு 8 ரூபாய் என்றால் மீதி 7 ரூபாய் மொத்த லாபம். வருமானத்தில் அது எத்தனை சதவீதமோ, அதுதான் கிராஸ் மார்ஜின். கடை வாடகை, கரன்ட் பில், கடன் வட்டி எல்லாம் அதற்குப் பிறகுதான் கழியும்.

விமானத்துக்கும் இதே கணக்குதான். உதாரணத்துக்கு, 180 சீட் விமானத்தில் 150 பேர், ஆளுக்கு சராசரியாக 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருமானம் 9 லட்சம். எரிபொருளுக்கு 3.2 லட்சம், பராமரிப்புக்கு 1 லட்சம், ஏர்போர்ட் கட்டணம் 80 ஆயிரம், பைலட் மற்றும் பணிப்பெண்கள் சம்பளம் 70 ஆயிரம், லக்கேஜ் கையாளுதல் போன்றவை 30 ஆயிரம் என 6 லட்சம் போய்விடுகிறது. மொத்த லாபம் 3 லட்சம், அதாவது 33 சதவீதம். பார்க்க ஜோரா இருக்கு!

இங்கதான் சிக்கல்

விமானத்துக்கான வாடகை, வட்டி, விளம்பரம், அலுவலகச் செலவு என இன்னொரு 2.6 லட்சம் கழிந்தால் மிஞ்சுவது 40 ஆயிரம்தான். 4.4 சதவீதம். அதே விமானத்தில் 7 பேர் குறைந்தால் 42 ஆயிரம் வருமானம் போச்சு. எரிபொருளும் வாடகையும் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். அந்தப் பயணமே நஷ்டம்.

இவை புரிவதற்கான மாதிரி எண்கள்தான். ஆனால் நிஜமும் ரொம்பத் தள்ளி இல்லை. சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா, 2025 ஜூனில் வெளியிட்ட கணிப்பில் உலக அளவில் நிகர லாபம் 3.7 சதவீதம், ஒரு பயணிக்கு சுமார் 7 டாலர். இந்தியாவின் பெரிய நிறுவனமான இண்டிகோ 2024-25-ல் சுமார் 84,098 கோடி வருமானத்தில் 7,258 கோடி லாபம் பார்த்தது. 100 ரூபாய்க்கு 8 ரூபாய் 60 காசு. இந்தத் தொழிலில் இது நல்ல மார்க்!

ஷேர் வாங்குறவங்க கவனிக்க

விமான நிறுவனங்களின் கணக்கில் பெரும்பாலும் மொத்த லாபம் என்று தனி வரியே இருக்காது. எதை நேரடிச் செலவாக எடுப்பது என்பதை ஒவ்வொரு இணையதளமும் ஆப்பும் தானே முடிவு செய்கிறது. அதனால் ஒரே நிறுவனத்துக்கு இரண்டு இடத்தில் இரண்டு சதவீதம் வரலாம்.

இன்னொரு விஷயமும் உண்டு. 2019 ஏப்ரலில் வந்த புதிய கணக்கியல் விதிப்படி, நீண்டகால விமான வாடகையின் பெரும்பகுதி தேய்மானம், வட்டி என்ற தலைப்புகளுக்குப் போய்விட்டது. வாடகை விமானங்களை அதிகம் நம்பும் நிறுவனத்தின் மேல்வரி லாபம் இதனால் கூடுதலாகவே தெரியும். அந்த வாடகை பெரும்பாலும் டாலரில் வேறு. ரூபாய் சரிந்தால், சென்னை-மதுரை பயணத்துக்கும் செலவு ஏறும். விமான எரிபொருள் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வராததால், மாநிலத்துக்கு மாநிலம் வாட் வரியும் மாறுகிறது.

கோ ஃபர்ஸ்ட் கதை

2023 மே மாதம் திவால் மனு போட்டபோது, என்ஜின் கோளாறால் சுமார் பாதி விமானங்கள் தரையில் நிற்பதாக அந்நிறுவனம் சொன்னது. பறக்காத விமானத்துக்கு எரிபொருள் செலவு இல்லைதான். ஆனால் வாடகை மீட்டர் நிற்காது. முன்பதிவு செய்த பயணிகள் ரீஃபண்டுக்கும், ஊழியர்கள் சம்பள பாக்கிக்கும் காத்திருந்தார்கள். 2025 ஜனவரியில் நிறுவனத்தைக் கலைத்து சொத்துகளை விற்க தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.