பாரிசவாயுவும் வரப்பு நடையும்

காவிரிப் படுகைக் கிராமங்களில் மூத்த தலைமுறையினர் பக்கவாதத்தைப் ‘பாரிசவாயு’ என்பார்கள். வைத்திய நூல்களில் அதற்குப் பட்சவாதம் என்று பெயர். பேச்சு வழக்கிலோ, ‘கை கால் விழுந்துவிட்டது’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். பாரிசம், பட்சம், பக்கம் ஆகிய மூன்றும் உடலின் ஒரு பாதியைக் குறிப்பன. வாயுவும் வாதமும் காற்றைக் குறிப்பன. தலையையோ மூளையையோ சுட்டும் சொல் இவற்றுள் ஒன்றிலும் இல்லை. இதை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் வாதம் வந்தவரின் நடை மீள்வது குறித்த மருத்துவ வரலாற்றைப் படிக்கும்போது, தலையைப் பார்ப்பதா, காலைப் பார்ப்பதா என்ற கேள்வி அதன் நெடுகிலும் வருவதைக் காண்கிறோம். அந்தப் பழம்பெயர்கள் காலின் பக்கம் நின்றவை.

தஞ்சையிலிருந்தே தொடங்குவோம். 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜி, சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தவர் என்ற அளவில் நம் எல்லோருக்கும் அறிமுகமானவர். அவருடைய தன்வந்திரி மகால் அத்தனை புகழ் பெறவில்லை. நாட்டு வைத்தியரும் ஆங்கில வைத்தியமும் ஒரே கூரையின்கீழ் இடம்பெற்ற மருந்துச்சாலை அது. மனிதருக்கு மட்டுமன்றி விலங்குகளுக்கும் அங்கே மருந்து செய்யப்பட்டது. அங்கே கைகண்ட முறைகளை அவைப்புலவர்கள் செய்யுளாக்கினர். அவையே பிற்காலத்தில் ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்ற பெயரில் நோய்வாரியாக நூலகத்தால் அச்சிடப்பட்டன. அவற்றுள் வாதரோகத்துக்குத் தனி நூலே உண்டு.

சித்த மருத்துவ மரபு வாத நோய்களை எண்பது என்று எண்ணியது. விழுந்த காலுக்கு அது வகுத்த வழிகள் தைலம், ஒற்றடம், தொக்கணம் ஆகியன. தொக்கணம் என்பதை வெறும் உடம்புபிடித்தல் என்று கொள்ளலாகாது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பது வகையாக அது பகுக்கப்பட்டிருக்கிறது. இழுத்தலும் அசைத்தலும் அப்பட்டியலில் இருப்பது நோக்கத்தக்கது. கிடக்கும் கால் மடங்கி இறுகிவிடும், அதை இறுகவிடக்கூடாது என்ற அனுபவம் அந்தச் சொற்களுக்குப் பின்னால் இருக்கிறது.

ஐரோப்பா வேறு பாதையில் சென்றது. 1658இல் சுவிட்சர்லாந்தின் யோகான் யாகோப் வெப்ஃபர், திடீரென வீழ்ந்து இறந்தவர்களின் மண்டையைத் திறந்து மூளையில் இரத்தக் கசிவைக் கண்டார். 1761இல் இத்தாலியின் மோர்காக்னி வெளியிட்ட பெருநூல், மூளையின் ஒரு பக்கத்துச் சேதம் உடலின் மறுபக்கத்தை வீழ்த்துவதைப் பிரேதப் பரிசோதனைகளின் வழியே நிறுவியது. சரபோஜி மேனாட்டு மருத்துவ நூல்களைத் தருவித்துச் சேர்த்த காலத்தில் இவை பழைய செய்திகள். நோயின் மூலம் தலைதான் என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. இரத்தக் குழாய் அடைப்பால் வந்த வாதமாயின், அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்த முதல் மணிகளில் தைலம் தேடி அலைவது ஆபத்து.

ஆனால் இந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. சேதம் தலையில் என்று தெரிந்தபின், கால் வெறும் ஏவலாளாகக் கருதப்பட்டது. கட்டளை வரவில்லை, அதனால் அசையவில்லை. காலில் கோளாறு ஒன்றுமில்லை என்று நெடுங்காலம் எண்ணினார்கள். உண்மை அப்படியில்லை என்பது 1970களில் தெளிவாகத் தொடங்கியது.

1972இல் தபாரி என்பவரும் அவர் குழுவினரும் பூனையின் கெண்டைக்கால் தசை ஒன்றைச் சுருங்கிய நிலையிலேயே மாவுக்கட்டுப் போட்டு வைத்தனர். தசையிழையின் நீளவாட்டில் சங்கிலிக் கண்ணிகள்போல் அடுக்கப்பட்டிருக்கும் நுண்ணலகுகளில் 40 விழுக்காடு மறைந்துபோயின. கட்டை அவிழ்த்துவிட்டதும் சுமார் நான்கு வாரங்களில் அவை மீண்டும் வளர்ந்தன. தசை, தான் வைக்கப்பட்ட நீளத்துக்கேற்பத் தன்னையே திருத்திக் கட்டிக்கொள்கிறது என்பது இதனால் விளங்கியது. மறு ஆண்டு கனடாவின் ஆலன் மெக்கோமாஸ் குழுவினர் வாதம் வந்தவர்களின் பாதத்திலுள்ள சிறுதசை ஒன்றை ஆராய்ந்தனர். இரண்டாவது மாதத்துக்கும் ஆறாவது மாதத்துக்கும் இடையில், அத்தசையை இயக்கும் நரம்பலகுகளில் ஏறக்குறைய பாதி செயலிழந்திருந்தன. அடிபட்டது மூளை, அதற்குக் கீழே தண்டுவடத்தில் அடிபடாமல் இருந்த நரம்பணுக்களும், மேலிருந்து வரும் தூண்டுதல் நின்றதால் மௌனமாகிவிட்டன என்று அவர்கள் கருதினர். பின்வந்த ஆய்வுகள், விழுந்த காலின் தொடைத் தசை மற்றக் காலினுடையதைவிட மெலிந்திருப்பதையும், இழைகளுக்கிடையே கொழுப்பு படிந்திருப்பதையும், நெடுநேரம் உழைக்கும் இழைகள் குறைந்து விரைவில் களைக்கும் இழைகள் மிகுவதையும் காட்டின.

நாம் தெருவில் காணும் அந்த நடைக்கு இவையெல்லாம் சேர்ந்துதான் காரணம். குதிகாலை மேலே இழுக்கும் கெண்டைத்தசை இறுகுகிறது. பாதத்தை உயர்த்தும் முன்கால் தசை வலுவிழக்கிறது. விரல்கள் தரையில் உரசாமலிருக்க, இடுப்பைத் தூக்கி, அரிவாளை வீசுவதுபோல் காலை அரைவட்டமாகச் சுழற்றி வைக்க வேண்டியிருக்கிறது.

இழந்ததை மீட்கும் முயற்சியிலும் தடுமாற்றங்கள் நேர்ந்தன. பெர்லினிலிருந்து லண்டனுக்கு அகதியாக வந்த பெர்தா போபாத், 1943இல் வாதத்தால் விழுந்த ஓவியர் ஒருவருக்குச் சிகிச்சை அளித்த அனுபவத்திலிருந்து ஒரு முறையை உருவாக்கினார். பயனில்லை என்று விடப்பட்ட பக்கத்துக்கும் மீளும் திறன் உண்டு என அவர் வற்புறுத்தியது பெருந்தொண்டு. ஆனால் கடும் முயற்சி தசை இறுக்கத்தைக் கூட்டும் என்ற அச்சமும் அம்முறையோடு பரவியது. அதனால் நோயாளியின் தசைக்கு வலுவூட்டும் பயிற்சிகள் பல பத்தாண்டுகள் தவிர்க்கப்பட்டன. 2006இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, வலுவூட்டலால் இறுக்கம் கூடுவதில்லை, செயல்திறன்தான் கூடுகிறது என்று காட்டியது. நம் மரபும் தப்பவில்லை. பிறர் கையால் இழுத்துவிடுவதால் மட்டும் மூட்டு இறுக்கம் குறிப்பிடத்தக்க அளவு நீங்குவதில்லை என்று 2017ஆம் ஆண்டுக் காக்ரேன் தொகுப்பாய்வு கூறியது. தைலமும் தொக்கணமும் இதம் தரலாம். ஆனால் அவை மட்டுமே காலை நடக்கவைத்துவிடா. கால், தானே உழைத்தாக வேண்டும்.

எப்போது உழைப்பது? 1995இல் வெளியான கோபன்ஹேகன் ஆய்வில், நோயாளிகளில் 95 விழுக்காட்டினர் தங்களுக்கு எட்டக்கூடிய சிறந்த நடையைப் பதினொரு வாரங்களுக்குள் எட்டிவிட்டனர். பதினொரு வாரம் என்பது, நம் வயற்கணக்கில், குறுவை நடவுக்கும் அறுப்புக்கும் இடைப்பட்ட காலத்துக்குச் சற்றே குறைவு. அதற்காக முதல் நாளே அவசரப்படவும் கூடாது. முதல் 24 மணி நேரத்துக்குள் மிகுதியாக எழுப்பி நடமாடவைத்தவர்கள் பின்தங்கினர் என்று 2015இல் அவெர்ட் ஆய்வு எச்சரித்தது. பதினொரு வாரத்தோடு கதவு மூடிவிடுவதும் இல்லை. 2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் ஆறு மாதம் கழித்துப் பயிற்சி தொடங்கியவர்களும் முன்னேறினர். உடலைத் தொங்கவிட்டு ஓடுபட்டையில் நடத்தும் விலையுயர்ந்த இயந்திரத்தை, பயிற்சியாளர் வீட்டுக்கு வந்து தந்த எளிய பயிற்சிகள் ஈடுசெய்தன என்பதும் அதன் முடிவு.

வீட்டுக்கு யார் வருவது? அந்தப் பொறுப்பைக் குடும்பத்தாரிடமே பயிற்றுவித்து ஒப்படைக்கலாமா என்று இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளைக் கொண்டு சோதித்தார்கள். 2017இல் வெளிவந்த முடிவு நம்மைச் சிந்திக்கவைக்கிறது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் இரு பிரிவிலும் 47 விழுக்காடு, வேறுபாடே இல்லை. அன்பு மட்டும் பயிற்சியாளருக்கு ஈடாகாது என்றே இதை நாம் வாசிக்கிறோம். 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் வீடு தேடி வருவது சேர்க்கப்பட்டிருப்பது இதனாலேயே முக்கியமாகிறது.

இங்கே படுகைக்கென்று ஒரு கேள்வி உண்டு. உலகெங்கும் நடையை அளப்பது சமதளத்தில், பெரும்பாலும் பத்து மீட்டர் தூரத்தில். நம் ஊரில் நடை என்பது ஒரு முழ அகல வரப்பின் மேல் ஒரு காலின் நேரே மறுகாலை வைப்பது. அரைவட்டம் வீசும் காலுக்கு அங்கே இடமில்லை. நடவு என்பது குனிந்தபடி, சேற்றில் புதைந்த பாதத்தைப் பிடுங்கிப் பின்னோக்கி வைப்பது. பாதத்தை உயர்த்தும் அந்த முன்கால் தசையே அதற்கு ஆதாரம். மருத்துவமனைக் கூடத்தில் ‘நன்றாக நடக்கிறார்’ என்று எழுதி அனுப்பப்படும் ஒரு விவசாயக் கூலிப் பெண், ஊருக்கு வந்தபின் வரப்பேற முடியாமல் திண்ணையோடு நின்றுவிடலாம். அவளைப் பொறுத்தவரை நடை மீளவில்லை, கூலியும் மீளவில்லை.

தன்வந்திரி மகாலில் நாட்டு முறையும் அயல் முறையும் அருகருகே வைத்துப் பார்க்கப்பட்டன. பலன் தந்ததை எழுதிவைத்தார்கள். அந்த வழக்கம் நமக்கு இன்னும் தேவை. தொக்கணத்தின் ஒன்பதில் கடைசி வகை அசைத்தல். வைத்தியரின் கை அசைத்த காலம் போய், விழுந்தவரே தம் காலை, தம் வரப்பில் அசைக்கும்படி செய்வதுதான் இனி எழுதப்பட வேண்டிய முறை. மூளையைக் காப்பாற்றியதோடு வைத்தியம் முடிந்துவிட்டது என்று எண்ணும்வரை அந்தச் செய்யுள் முற்றுப்பெறாது.